சத்தம் வராத முறுக்கு

சில மாதங்களுக்கு முன் எனக்குப் பணி ஓய்வு கிடைத்தது. வயது முப்பது. யாரும் பொறாமைப்பட வேண்டாம்; பூச்சோங்கில் நான் பார்க்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. ஓய்வு பெற்றவை என் பற்கள். இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பி கட்டிச் சேவை செய்தன. விடுப்பு கிடையாது, பெருநாள் கிடையாது, தூங்கும்போதும் வேலை.

இப்போது இந்தத் துறையில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். என்னைவிட வயதில் நிறையப் பெரியவர், ஆனால் சர்வீசில் ஜூனியர். தினமும் போன். "கன்னத்துல குத்துதே, இது சாதாரணமா?" "ரசம் சாதத்தத் தவிர வேற என்னதான் சாப்பிடுறது?" பதில் சொல்லிச் சொல்லி, கம்பி போன பிறகும் எனக்கு வாய் வலிக்கிறது. "எல்லாத்தையும் மொத்தமா எழுதி வெச்சிருங்களேன்" என்று அவரே கேட்டதால் எழுதுகிறேன். உங்களைப் பற்றியும் வரும் என்று அவரை முன்கூட்டியே எச்சரித்துவிட்டேன்.

நான் பந்திங் பக்கத்து ஆள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். பள்ளிக்கூடம் என்ற ஒன்றை முழுசாக முடித்து, அதற்கு மேலும் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அதனால் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். அந்தப் படத்தில் நான் வாயை இறுக மூடிக்கொண்டு, பட்டத்தை இரவல் வாங்கி வந்தவன் மாதிரி நிற்பேன். காரணம் என் முன்பற்கள். காலை நேரத்துக் கிள்ளான் ரயிலில் ஏறும் கூட்டம் மாதிரி, ஒன்றை ஒன்று தோளால் இடித்துக்கொண்டு நின்றன.

வேலை நிரந்தரமானதும் முதல் காரியமாகக் கம்பி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானடா இருந்துச்சு. எதுக்கு வேலி? உள்ள யாரு மாடு வளக்குறா?"

"பல்லு நேராகும்ப்பா."

"என் லோரி முன்னாடி இருக்கற கிரில் மாதிரியே இருக்கு. ஹார்ன் எங்க வெச்சிருக்காங்க?"

வேலையிடத்திலும் மரியாதை குறையவில்லை. நான் ஒரு கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடு, பெல்ட் போடு, பூட்ஸ் போடு என்று காலையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்வதுதான் தொழில். கம்பியோடு போன முதல் நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியாண்டி அண்ணே கையைத் தூக்கினார். "பாஸ், எங்களுக்குத் தலைக்கு மட்டுந்தான் சொன்னீங்க. பல்லுக்கும் சேஃப்டி வந்துருச்சுன்னு சொல்லவே இல்லையே லா?"

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வாரம் கஞ்சி. இரண்டாம் வாரம் கெட்டிக் கஞ்சி. அப்புறம் துணிச்சல் வந்து இட்லி. கம்பி குத்துகிற இடத்தில் மெழுகை உருட்டி ஒட்ட வேண்டும். அது எந்தக் கணத்தில் இட்லியோடு இட்லியாக உள்ளே போகும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. போனால் பயமில்லை. நான் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

மேலதிகாரியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் கிளினிக். படியேறும்போது பாதி வரை மல்லிகை வாசம், மீதி மருந்து வாசம். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் இத்தனை வருடம் இருந்ததில் மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றிருந்தார்: வாய்திற, கடி, வலிக்குதா. எல்லா நிலைமையையும் இந்த மூன்றை வைத்தே சமாளித்துவிடுவார். இதில் 'வலிக்குதா' எப்போதும் வலித்து முடிந்த பிறகுதான் வரும். அதுவும் வாய்க்குள் நாலு கருவி இருக்கும்போது. நான் "ஆஆ" என்பேன். அவர் "குட்" என்பார்.

வேலை செய்யும் முறை அழகு. முதலில் உதட்டை விரிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்கள். அதை மாட்டிய பிறகு மனிதனுக்குப் பட்டம், பதவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பல்லாகக் காயவைத்து, பசை தடவி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உலோகத் துண்டை இடுக்கியால் எடுத்து, மூச்சை நிறுத்தி ஒட்டுவார். பிறகு நீல வெளிச்சம். கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் துண்டுக்குப் பதில் குட்டியூண்டு உலோகக் குழாய். கம்பியின் கடைசி முனை அதற்குள் போய் நிற்கும். எல்லாம் முடிந்ததும் கம்பியைக் கட்ட ரப்பர் வளையம். அதற்கு மாதாமாதம் கலர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கலர் இலாகா நர்ஸ் சாந்தி அக்காவுடையது. டாக்டர் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசுவது அவர்தான். முதல் மாதம் நான் அடக்கமான ஆள் என்று காட்ட, கண்ணுக்கே தெரியாத வெள்ளை வளையம் கேட்டேன். "நெசமாவா?" என்றார். நெசமாகத்தான் என்றேன். அன்று மத்தியானமே பக்கத்துத் தெருவில் வாழையிலைச் சாப்பாடு. மீன் குழம்பு, கோழிப் பிரட்டல். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் வாய் முழுக்க மஞ்சள் பூசி, கோயிலுக்குப் போகத் தயாராக நிற்கிறது. அந்த மாதம் முழுக்க, பல் விளக்காதவன் என்ற பெயரோடு பாதுகாப்பைப் பற்றிப் பேசினேன்.

"தமிழனுக்கு வெள்ள ரப்பர் ஆகாது தம்பி" என்றார் சாந்தி அக்கா அடுத்த முறை. "நான் சொன்னா யாரு கேக்குறா? கரு நீலம் போடு. குழம்பு தோத்துப்போகும்."

சாப்பிடக் கூடாதவை பற்றி ஒரு தாள் கொடுத்தார்கள். நான் எதையும் படித்துத்தான் மேலே வந்தவன். அதையும் பரீட்சைக்குப் படிப்பது போலக் கோடு போட்டுப் படித்தேன். ஐஸ்கட்டி, பாதாம், சோளப்பொரி எல்லாம் இருந்தது. எங்கோ வெளிநாட்டில் அடித்த தாள். மிகவும் பொறுப்போடு டாக்டரிடம் கேட்டேன், இதில் முறுக்கு இல்லையே, அப்படியானால் சாப்பிடலாமா?

டாக்டர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். பிறகு சாந்தி அக்காவைப் பார்த்தார்.

"ஐஸ்கட்டியே கூடாதாம், இவரு முறுக்குக்கு பர்மிட் கேக்குறாருன்னு பாக்குறாங்க" என்று சாந்தி அக்கா அந்தப் பார்வையை மொழிபெயர்த்தார்.

அப்போது எனக்குத் தெரியாது, என் வாழ்க்கையே முறுக்கில் வந்து நிற்கப்போகிறது என்று.

தர்ஷினி எங்கள் கிடங்கில் கணக்குப் பிரிவு. நாங்கள் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருந்தோம். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி: அவளுடைய அம்மா. கிள்ளானில் எல்லோருக்கும் அவர் முறுக்கு ஆன்டி. கணவர் போன பிறகு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று மகளைப் படிக்கவைத்தவர். தீபாவளிக்கு முன்னால் லிட்டில் இந்தியா கடைகளில், சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்களில் பாதி அவர் சுட்டவை.

"அம்மா வேணாம்னா வேணாம்தான் குணா. அதுல மட்டும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்" என்று தர்ஷினி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

நாங்கள் போன நாள், தீபாவளிக்குக் கொஞ்ச நாளே இருந்த நேரம். காரில் அவள் கட்டளைகள் போட்டுக்கொண்டே வந்தாள்.

"முறுக்கு குடுப்பாங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிராத."

"டாக்டர் சொல்லியிருக்காங்க…"

"டாக்டரையா கட்டிக்கப் போற? இன்னொண்ணு, இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறந்து சிரிக்காத. ஷோக்குப் பேர்வழின்னா அம்மாவுக்கு ஆகாது. கம்பிய அப்புறமா நான் மெதுவா சொல்லிக்கறேன்."

ஆன்டி கதவைத் திறந்தார். நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என்ன மரியாதையான குடும்பம் என்று நினைத்தேன். சுவரில் மாட்டியிருந்த படங்களில் எல்லாம், கல்யாணப் படம் உட்பட, அவர் அதே சிரிப்புதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. உட்காரச் சொல்லி, தட்டில் நாலு முறுக்கு வைத்தார். கேட்ட கேள்விகளுக்கு நான் உதட்டைப் பெரிதாகப் பிரிக்காமல் "ஆமா ஆன்டி", "இல்ல ஆன்டி" என்றேன். அவர் மகளைப் பார்த்து, "அமைதியான புள்ள" என்றார். தர்ஷினி எனக்கு மட்டும் தெரியும்படி கட்டைவிரலைக் காட்டினாள்.

முறுக்குக்கு என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. சின்ன வில்லையாக ஒடித்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து, ஊறவிட்டு, விழுங்குவது. முதல் துண்டு வெற்றி. இரண்டாவதும் வெற்றி. அப்போதுதான் கவனித்தேன், ஆன்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை என் பக்கம் வைத்திருந்தார்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

எனக்குப் புரியவில்லை. தர்ஷினியின் முகம் மாறியது. இதை மட்டும் சொல்ல மறந்திருந்தாள். ஆன்டி முறுக்கைத் தின்று பதம் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஆளை நிற்கவைத்துக் கடிக்கச் சொல்லிக் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால் அந்தச் சட்டி மொத்தமும் அக்கம்பக்கத்துக்கு இலவசம்.

"நமுத்துப் போச்சா?" என்று எழுந்தார். "காலையில சுட்டதாச்சே. இரு தம்பி, இப்ப எடுத்தத தரேன்." சுடச்சுட இன்னொரு முறுக்கு வந்தது. "ம், கடி."

டாக்டர் சொல்வதும் அதே சொல்தான். பழக்கதோஷம். கடித்துவிட்டேன்.

டக்.

ஆன்டியின் முகம் மலர்ந்தது. "இதுதான் சத்தம்!"

அது முறுக்கின் சத்தம் இல்லை. கடைவாயில் ஒட்டியிருந்த குழாய் விடைபெற்ற சத்தம். நாக்கால் துழாவி, இருமுவது போல் கையை வாயில் வைத்து எடுத்து, தட்டின் ஓரத்தில், உடைந்த முறுக்குத் துண்டுகளுக்கு அடியில் மறைத்தேன். பிழைத்தோம் என்று நினைத்தபோது ஆன்டி தட்டை எடுக்க வந்தார். தட்டைச் சாய்த்தார். டிங் என்று மேசையில் விழுந்தது.

அவர் அதை விரல் நுனியில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"இரும்பு. என் முறுக்குல இரும்பு."

ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். முறுக்கு அச்சைக் கழற்றி, அச்சுத் தட்டின் ஒவ்வொரு ஓட்டையாக விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். "எங்கயும் ஒடியல. அப்ப மாவுலயா? தர்ஷினி, கடைக்குப் போன் போடு. காலையில போன போத்தல் எதையும் விக்க வேண்டாம்னு சொல்லு. ஒரு முடி வந்ததில்லடி இதுவரைக்கும். கொழந்தைங்க சாப்பிடுறது…"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றோ, சொல் என்றோ அந்தப் பார்வைக்குப் பொருள் சொல்ல அங்கே சாந்தி அக்கா இல்லை. அமைதியான பிள்ளை என்று வாங்கிய நல்ல பெயர் அந்த மேசையில்தான் கிடந்தது. கிள்ளான் கடைகளுக்குப் போன போத்தல்களும் அதே மேசையில் கிடந்தன.

"ஆன்டி, அது முறுக்குல இருந்து வரல. என் பல்லுல இருந்து வந்துச்சு."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன். எவ்வளவு திறக்க வேண்டும் என்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஆன்டி கிட்டே வந்தார். கரு நீல ரப்பரும் கம்பியுமாக மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாவற்றையும் பார்த்தார். கையிலிருந்த குழாயைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார்.

"இத ஒட்டிக்கிட்டா முறுக்கு தின்ன?"

"ஆமா ஆன்டி."

"நீதான் கம்பெனில சேஃப்டி ஆபிசரு?"

"ஆமா ஆன்டி."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. வெடித்துச் சிரித்தார், ஆனால் அதற்குள் கை போய் வாயைப் பொத்திக்கொண்டது. விரல் இடுக்கில் ஒரு நொடி தெரிந்தது: ஒரு பல்லின் மேல் ஏறி நின்ற இன்னொரு பல். தெத்துப்பல். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, திரும்பி, அடுப்பைப் பற்றவைத்தார். அதன் பிறகு நாங்கள் கிளம்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"திட்டினாங்கன்னா கவலையில்ல" என்றாள் தர்ஷினி வாசலில். "பேசாம இருக்காங்க. அதுதான் எனக்கு என்னமோ பண்ணுது."

மறுநாள் குழாயை டிஷ்யூவில் மடித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். டாக்டர் இடுக்கியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்குத் தெரிந்திருந்த நான்காவது தமிழ்ச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"முறுக்கு?"

தலையாட்டினேன்.

"வாய்திற" என்றார்.

"சீனப் பெருநாளுக்குக் குவாச்சி வெத கடிச்ச கேஸு, நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் கறி எலும்பு கேஸு, தீபாவளிக்கு முறுக்கு கேஸு" என்று சாந்தி அக்கா பசையைக் கலக்கினார். "ஆனா பர்மிட் கேட்டுட்டுப் போய் ஒடச்சுக்கிட்டது நீதான் தம்பி மொத ஆளு." என் முகத்தில் சிரிப்பைக் காணாமல், "என்னாச்சு?" என்றார். வாய்க்குள் வளையத்தோடு கல்யாணக் கதையைச் சொன்னேன். உயிரெழுத்துகள் மட்டும்தான் வெளியே வந்தன. அவருக்கு முழுசாகப் புரிந்தது.

ஒரு வாரம் போயிற்று. கிள்ளானிலிருந்து ஒரு சேதியும் இல்லை. தர்ஷினி கேட்டால், ஆர்டர் முடியட்டும் என்றாராம்.

தீபாவளிக்கு முதல் நாள் தர்ஷினி கிடங்குக்கு ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். சிவப்பு மூடி. உள்ளே முறுக்கு இல்லை, பழுப்பாக ஏதோ தூள். மூடியோடு சேர்த்து ரப்பர் போட்டு ஒரு கரண்டி.

"என்ன இது?"

"முறுக்குதான். ஒரல்ல போட்டு இடிச்சாங்க, அவங்களே. நான் கேட்டா முறைக்கிறாங்க. கடைசியில என்ன சொன்னாங்க தெரியுமா?" அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "'அந்தப் புள்ள நெனச்சிருந்தா வாய மூடிக்கிட்டுப் போயிருக்கலாம். சத்தம் வேணாம், ருசிய மட்டும் பாக்கச் சொல்லி மாப்ளைகிட்ட குடு'ன்னாங்க."

மாப்ளை. கரண்டி கரண்டியாகத் தின்றேன். முனியாண்டி அண்ணே வந்து எட்டிப் பார்த்து, "என்ன பாஸ், சிமெண்டா? பல்லு கட்டவா?" என்றார்.

மீதிச் சேவைக் காலம் விபத்தில்லாமல் கழிந்தது. ஓய்வு நாளில் டாக்டர் குறடு மாதிரி ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாக நெரித்துப் பிடுங்கினார். பட், பட், பட். "வலிக்குதா?" என்றார். அந்த முறை முன்கூட்டியே கேட்டார். பிறகு பளபளப்பாக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நாக்கால் தடவினால் கழுவிவிட்ட தரை மாதிரி வழுக்கியது. முழுச் சுதந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். இரவில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் பல்லுறை கொடுத்தார்கள். ஓய்வுக்குப் பிறகும் ஒப்பந்த வேலை உண்டு.

அன்று மாலையே கிள்ளான் போய் வாயைத் திறந்து சிரித்தேன். ஆன்டி நீண்ட நேரம் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து எனக்குத் தனியாகப் போன் வந்தது.

"மாப்ள, சும்மா கேக்குறேன். அந்த டாக்டரு வயசானவங்களுக்கும் கம்பி போடுவாங்களா? எனக்கில்ல. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு."

"எத்தன வயசு ஆன்டி அவங்களுக்கு?"

"என் வயசுதான் வெச்சுக்கங்க."

"எந்தப் பல்லு?"

"தெத்துப்பல்லு மாப்ள. சின்ன வயசுல பயலுங்க கேலி பண்ணது. பாவம், போட்டோவுக்கு நின்னாகூட வாயத் தொறக்க மாட்டா. தையில அவ வீட்ல ஒரு விசேஷம் வருது."

தையில் எங்களுக்குத்தான் கல்யாணம். பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு மலாய்க்கார லோரி முதலாளி, தனி ஆள். ஆனாலும் நான், "கூட்டிட்டு வாங்க ஆன்டி, அந்தம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றேன். சனிக்கிழமை ரயிலடியில் காத்திருந்தேன். பக்கத்து வீட்டம்மா வரவில்லை. ஆன்டி மட்டும், விசேஷத்துக்குக் கட்டும் புடவையில், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வந்து இறங்கினார். கிளினிக்குக் கூட்டிப்போனேன். பல் நேராக ஒரு வருடத்துக்கு மேலாகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பரவாயில்லை என்றார் ஆன்டி. படியேறி இறங்கியபோது மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர்தான் அந்த ஜூனியர்.

இப்போது மறுபடி தீபாவளி வருகிறது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, முறுக்கு ஆன்டி ரசம் சாதத்தில் இருக்கிறார். போன ஞாயிறு சமையலறைக்குக் கூப்பிட்டு எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்தார். அரிகரண்டியில் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கடிங்க மாப்ள."

கடித்தேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் செவக்கணும்" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஆனா பல்லு நல்லா வேல செய்யுது."

"டாக்டர்கிட்ட பர்மிட் வாங்கிட்டேன் ஆன்டி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது. ஒரு கையில் அரிகரண்டி, மறு கையில் மாவு. பாதி வழியில் நின்று, இறங்கிவிட்டது. கம்பியும் தெத்துப்பல்லும் தெரிய, அடுப்பு வெளிச்சத்தில், அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். தர்ஷினி போனை எடுத்துப் படம் பிடித்தாள். அம்மா தடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஆன்டி கட்டப்போகும் பட்டு இன்னும் முடிவாகவில்லை. கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கம்பி ரப்பரின் கலர் மட்டும் முடிவாகிவிட்டது. மெரூன். அதற்குப் பொருத்தமாகத்தான் புடவை தேடுகிறார்கள்.